நம் லிஃப்ட் கயிறும் ரோப்ளிங் கம்பெனியும்



சென்ற மாதம் நம் பி பிளாக் லிஃப்ட் மூன்று நாள் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் எனக்கு மறக்க வழியில்லை, என் முழங்கால் மறக்க விடாது. கயிறு மாற்றுகிறார்கள் என்று செயலாளர் சொன்னார். மூன்றாம் நாள் மாலை கீழே இறங்கியபோது, கழற்றிய பழைய கயிறு காவலாளி நாற்காலிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. மெக்கானிக் தம்பியிடம் கேட்டு ஒரு சாண் துண்டு வாங்கி வந்தேன். "எதுக்கு சார் இது?" என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

வீட்டில் செய்தித்தாள் விரித்து அதைப் பிரித்துப் பார்த்தேன். எட்டுப் புரிகள். ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள். ஆக மொத்தம் 152 கம்பிகள், நடுவில் எண்ணெய் ஊறிய நார். தென்னங்கயிறு திரிப்பது போலவே திரித்திருக்கிறார்கள், நாருக்குப் பதில் எஃகு. வெளிப்பக்கம் பளபளவென்று இருந்த புரி ஒன்றைப் பிரித்தபோது உள்ளே இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இப்படிப்பட்ட கயிற்றை முதன்முதலில் யார் செய்தார்கள், அந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 'ஜான் ஏ. ரோப்ளிங்ஸ் சன்ஸ் கம்பெனி' என்று ஒரு கம்பிக் கம்பெனி இருந்தது. அதன் கதை, நான் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த வங்கி வேலையின் கதை போலவே இருந்தது. அதனால்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புல்வெளியில் தொடங்கிய தொழில்

ஜான் ரோப்ளிங் 1806-ல் ஜெர்மனியின் மூல்ஹவுசன் என்ற ஊரில் பிறந்தவர். பெர்லினில் பொறியியல் படித்தார். அரசாங்க வேலையில் முன்னேற வழியில்லை என்று கண்டு 1831-ல் அண்ணனோடும் ஊர்க்காரர்கள் சிலரோடும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பென்சில்வேனியா மாநிலத்தில் நிலம் வாங்கி சாக்ஸன்பர்க் என்ற சிறு கிராமத்தையே உருவாக்கினார்கள். படித்தது பாலம் கட்ட, செய்தது விவசாயம். அது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1837-ல் மறுபடி பொறியியல் வேலைக்கே திரும்பினார்.

அந்தக் காலத்தில் பென்சில்வேனியாவில் ஒரு விசித்திரமான ரயில்பாதை இருந்தது. பெயர் அலெகெனி போர்ட்டேஜ். கால்வாயில் வரும் படகுகளுக்குக் குறுக்கே மலை நின்றது. படகை மலைமேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்க, 36 மைல் நீளத்துக்குப் பாதை போட்டு, அதில் பத்து இடங்களில் சரிவுகள் அமைத்தார்கள். சரிவின் உச்சியில் நீராவி எந்திரம். அதிலிருந்து வரும் கயிறு வண்டிகளை மேலே இழுக்கும். பழனியில் விஞ்சில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே ஏற்பாடுதான்.

ஆனால் அங்கே கயிறு சணல்வகை நார்க்கயிறு. விலை அதிகம், கனமும் அதிகம், வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் நைந்துபோகும். அறுந்தால் வண்டியும் ஆளும் பள்ளத்தில். ஜெர்மனியில் கிளவுஸ்தால் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி 1834-லேயே இரும்புக் கம்பியைத் திரித்துக் கயிறாக்கிப் பயன்படுத்தியிருந்தார். அமெரிக்காவிலும் அது முடியும் என்று ரோப்ளிங் முடிவு செய்தார்.

1841-ல் சாக்ஸன்பர்க்கில் தன் வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளியில் கம்பிக் கயிறு திரிக்கத் தொடங்கினார். கூரை இல்லை, எந்திரம் இல்லை. நீளமான வெட்டவெளி, கம்பி, அக்கம்பக்கத்து விவசாயிகளின் கைகள், இவ்வளவுதான் மூலதனம். நம் ஊரில் கயிறு திரிப்பவர்கள் பின்னாலேயே நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நடைதான். 1842-ல் காப்புரிமை வாங்கினார். போர்ட்டேஜ் சரிவுகளில் ஒவ்வொன்றாக நார்க்கயிறு போய் கம்பிக் கயிறு வந்தது. சுரங்கங்களும் கால்வாய்களும் வாடிக்கையாளர்கள் ஆயின.

டிரென்டனுக்குப் போனது

வியாபாரம் பெருகியதும் 1849 வாக்கில் தொழிலை நியூஜெர்சி மாநிலத்து டிரென்டன் நகரத்துக்கு மாற்றினார். அங்கே கால்வாய் உண்டு, ரயில் உண்டு. பீட்டர் கூப்பரும் ஆப்ரம் ஹியூவிட்டும் நடத்திய இரும்பாலை அருகிலேயே இருந்தது. ஹியூவிட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

கம்பி எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. நகைப்பட்டறையில் பத்தர் தங்கக் கம்பி இழுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். துளையிட்ட எஃகுத் தகட்டின் பெரிய துளையில் நுழைத்து இழுப்பார், பிறகு அதைவிடச் சின்னத் துளை, பிறகு இன்னும் சின்னத் துளை. இரும்புக் கம்பியும் அப்படித்தான். பழுக்கக் காய்ச்சி உருட்டிய தடியை அமிலத்தில் நனைத்துத் துரு நீக்கி, துளைத் துளையாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், கூடவே வலுவும் ஏறும். ஒரு கட்டத்தில் விறைத்து ஒடிகிற நிலைக்கு வரும். அப்போது மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தி இழுக்க வேண்டும். கடைசியில் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசுவார்கள். இதில் எந்தப் படியில் சோம்பினாலும் கம்பி பார்வைக்குக் கம்பியாகத்தான் இருக்கும். பாரம் ஏறும்போதுதான் குணம் தெரியும்.

ரோப்ளிங் கம்பி விற்றதோடு நிற்கவில்லை. அந்தக் கம்பியைக்கொண்டு தொங்கு பாலங்களும் கட்டினார். டெலவேர் ஆற்றின் மேல் கால்வாய்ப் படகுகள் போவதற்காக அவர் 1848-ல் முடித்த தொங்கு பாலம் இன்றும் நிற்கிறது, இப்போது அதில் கார்கள் போகின்றன. 1855-ல் நயாகரா பள்ளத்தாக்கின் குறுக்கே 821 அடி நீளத் தொங்கு பாலம் கட்டி அதன்மேல் ரயிலையே ஓடவிட்டார். "கயிற்றில் ரயில் போகாது" என்று சொன்ன பெரிய பொறியாளர்கள் பலர். அடுத்து ஓஹையோ ஆற்றின் மேல் சின்சினாட்டி பாலம், 1,057 அடி. திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்கு பாலம் அது.

தந்தை போனார், மகன் வந்தார்

நியூயார்க்கையும் புரூக்ளினையும் இணைக்கும் பாலம் ரோப்ளிங்கின் பெருங்கனவு. இரண்டு கோபுரங்களுக்கு இடையே 1,595 அடி. திட்டம் ஒப்புதல் பெற்ற நேரம், 1869 ஜூன் மாதம், படகுத்துறையில் நின்று அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது கரையில் மோதிய படகு அவர் காலை நசுக்கியது. விரல்களை வெட்டி எடுத்தார்கள். மருத்துவர்களை நம்பாமல் தண்ணீர் வைத்தியம்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். ரணஜன்னி கண்டு ஜூலை 22 அன்று இறந்துபோனார். அப்போது ஒரு கல்கூட வைக்கவில்லை.

மூத்த மகன் வாஷிங்டன் ரோப்ளிங் 32 வயதில் தலைமைப் பொறியாளர் ஆனார். ஆற்றடியில் கோபுர அடித்தளம் போட, காற்றை அழுத்தி நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டும். அந்த அழுத்தத்திலிருந்து சட்டென்று வெளியே வந்தவர்களுக்கு உடம்பு முடங்கியது. 1872-ல் அவரும் முடங்கினார். மீதி வருடங்களில் பெரும்பாலும் வீட்டு ஜன்னலிலிருந்து தொலைநோக்கி வழியாகப் பாலத்தைப் பார்த்தபடி, மனைவி எமிலி மூலமாக உத்தரவுகள் அனுப்பி வேலையை நடத்தினார். எமிலி அம்மையார் கணக்கும் பொறியியலும் தாமே கற்றுக்கொண்டு, தினமும் பாலத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

டிரென்டன் கம்பெனியை இளைய மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். ஃபெர்டினாண்ட் பணமும் விற்பனையும், சார்லஸ் ஆலை. 1876-ல் 'ஜான் ஏ. ரோப்ளிங்ஸ் சன்ஸ் கம்பெனி' என்று முறைப்படிப் பதிவானது. அதே வருடம் பாலத்தின் வடங்களுக்குக் கம்பி வாங்க டெண்டர் வந்தது. 3,400 டன் எஃகுக் கம்பி, துத்தநாகம் பூசியது.

இங்கேதான் ஹியூவிட் வருகிறார். பாலத்தின் அறங்காவலர் குழுவில் அவரும் ஒருவர். பாலத்தின் அதிகாரியோ பொறியாளரோ பங்கு வைத்திருக்கும் எந்த கம்பெனிக்கும் ஒப்பந்தம் தரக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? நம் சங்கத்திலும் நிர்வாகக் குழுவினரின் உறவினருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். வாஷிங்டன் ரோப்ளிங் மனம் நொந்தார். ஆனாலும் கம்பெனியில் தன் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கினார். கம்பெனி டெண்டரில் கலந்துகொண்டது. ஒப்பந்தம் கிடைத்தது புரூக்ளினைச் சேர்ந்த ஜே. லாயிட் ஹெய்க் என்பவருக்கு.

ஆக, உலகம் முழுவதும் ரோப்ளிங் பாலம் என்று சொல்லப்படும் அந்தப் பாலத்தின் நான்கு பெரிய வடங்களுக்கு ஒப்பந்தப்படி கம்பி கொடுத்தது ரோப்ளிங் கம்பெனி இல்லை. பலருக்கு இது தெரியாது.

வண்டி போன வழி

ஹெய்க்கை நம்ப வேண்டாம் என்று வாஷிங்டன் ரோப்ளிங் ஆரம்பத்திலேயே நினைத்தார். அதனால் ஒவ்வொரு கம்பிச் சுருளையும் ஹெய்க்கின் ஆலையிலேயே பரிசோதிக்க ஆள் போட்டார்கள். தேறிய சுருளுக்குச் சான்றிதழ். சான்றிதழோடு வண்டி பாலத்துக்குப் புறப்படும். தேறாத சுருள்கள் ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கப்படும். கச்சிதமான ஏற்பாடு.

ஆலைக்கும் பாலத்துக்கும் நடுவே இருந்த சாலையைத்தான் யாரும் பார்க்கவில்லை. புறப்பட்ட வண்டி நேராகப் பாலத்துக்குப் போகாது. வழியில் ஒரு கட்டடத்துக்குள் நுழையும். அங்கே நல்ல சுருள்களை இறக்கிவிட்டு, தேறாத சுருள்களை ஏற்றிக்கொள்வார்கள். சான்றிதழ் அதேதான், சரக்கு மட்டும் வேறு. இறக்கிய நல்ல சுருள்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆலைக்குத் திரும்பிப் போய், மறுநாள் அதே பரிசோதகர் முன்னால் மறுபடி நின்று மறுபடி தேறும். ஒரே நல்ல கம்பி எத்தனை முறை பரீட்சை எழுதியதோ!

1878 கோடையில் சந்தேகம் வந்து, பொறியாளர்கள் வண்டியைக் கண்காணித்தபோது குட்டு உடைந்தது. அதற்குள் 200 டன்னுக்கு மேல் கெட்ட கம்பி பாலத்தில் ஏறியிருந்தது. ஒரு வடத்தில் 5,000-க்கு மேற்பட்ட கம்பிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் எது கெட்டது என்று தேடி எடுப்பது நடக்காத காரியம்.

வாஷிங்டன் ரோப்ளிங் கணக்குப் போட்டார். தேவையான வலுவைப்போல் ஆறு மடங்கு இருக்கும்படி வடங்களை அமைத்திருந்தார். கெட்ட கம்பியைக் கழித்தாலும் ஐந்து மடங்கு மிஞ்சும். போதும் என்றார். இருந்தாலும் ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பிகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அந்தச் செலவை ஹெய்க் ஏற்க வேண்டும் என்று முடிவானது. இன்று ஒவ்வொரு வடத்திலும் இருக்கும் கம்பிகள் 5,434. ஹெய்க் பின்னாளில் வேறு ஒரு மோசடியில் சிறைக்குப் போனார். பாலம் 1883 மே 24 அன்று திறக்கப்பட்டது. கெட்ட கம்பிகள் இன்றும் உள்ளேயே இருக்கின்றன, பாலமும் நிற்கிறது.

என் பங்குக்கு ஒரு மூட்டைக் கதை

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊர்க் கிளையில், என்னைக் கோடவுன் கீப்பராகப் போட்டிருந்தார்கள். வியாபாரி நெல் மூட்டைகளை அடமானம் வைத்துக் கடன் வாங்குவார். கோடவுனுக்கு வங்கிப் பூட்டு, வங்கிப் பலகை. மாதாமாதம் போய் மூட்டைகளை எண்ணி, குத்தூசி போட்டுப் பார்த்து, கையெழுத்திட வேண்டும். ஊர் பேர் வேண்டாம், வியாபாரி பேரும் வேண்டாம்.

நான் ஒழுங்காகத்தான் போனேன், ஒழுங்காகத்தான் எண்ணினேன். வியாபாரியின் ஆள் எந்த அட்டியைக் காட்டினாரோ அதை எண்ணினேன். எந்த மூட்டையில் குத்தச் சொன்னாரோ அதில் குத்தினேன். நல்ல நெல் கொட்டியது. எட்டு மாதம் கழித்து வந்த ஆய்வாளர் அட்டியைப் பிரிக்கச் சொன்னார். முன்வரிசை இரண்டும் நெல். பின்னால் இருந்ததில் பாதிக்கு மேல் உமி.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "மூட்டையை எண்ணினீங்க, சரி. யார் காட்டின மூட்டையை எண்ணினீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மெமோ வந்தது. வேலை போகாததற்குக் காரணம், வங்கிக்குப் பெரிய நஷ்டம் வரவில்லை. 100 ரூபாய் சரக்குக்கு 60 ரூபாய்தான் கடன் கொடுத்திருந்தோம். அந்த 40 ரூபாய்க்கு மார்ஜின் என்று பெயர். இருந்த நெல்லை விற்றதும், வியாபாரி கொடுத்திருந்த வீட்டுப் பத்திரமும் சேர்ந்து கணக்கை அடைத்தன.

பி.காம். படித்தபோது மார்ஜின் என்பது விலை இறங்கினால் தாங்குவதற்காக என்று எழுதி மார்க் வாங்கினேன். விலை இறங்குவதற்கு மட்டும் அல்ல, என்னைப் போன்றவர்கள் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுவதையும் சேர்த்துத் தாங்கத்தான் என்று அந்தக் கோடவுனில் புரிந்தது. வாஷிங்டன் ரோப்ளிங் வைத்த ஆறு மடங்கும் அதே மார்ஜின்தான். காற்றுக்கும் பாரத்துக்கும் கணக்குப் போட்டு வைத்த வலு, ஒரு மனிதனின் திருட்டுக்கும் சேர்த்து ஈடுகொடுத்தது.

கம்பிக்கு ஓர் ஊர்

பாலத்துக்குப் பிறகு கம்பெனி மளமளவென்று வளர்ந்தது. தந்திக் கம்பி, தொலைபேசிக் கம்பி, மின்சாரக் கம்பி, சுரங்கக் கயிறு, எல்லாவற்றுக்கும் மேலாக லிஃப்ட் கயிறு. அமெரிக்க நகரங்களில் மாடிமேல் மாடி எழுந்த காலம் அது. கயிறு இல்லாமல் யார் இருபது மாடி ஏறுவது?

மற்றவர்களின் எஃகை நம்பி இருக்க வேண்டாம் என்று சொந்த எஃகு ஆலை வைக்க முடிவு செய்தார்கள். டிரென்டனுக்குத் தெற்கே சுமார் பத்து மைலில், டெலவேர் ஆற்றங்கரையில் இடம் வாங்கி, 1905 முதல் ஆலையும் அதைச் சுற்றி ஓர் ஊரும் கட்டினார்கள். ஊருக்குப் பெயரே ரோப்ளிங். சார்லஸ் தெருத்தெருவாகத் திட்டமிட்டார். 700-க்கு மேற்பட்ட செங்கல் வீடுகள், கடை, பள்ளி, பொழுதுபோக்குக் கூடம். ஹங்கேரி, ருமேனியா, போலந்து என்று பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியேறினார்கள். வீட்டில் ஆணி அடிப்பதிலிருந்து கூரை ஒழுகுவது வரை கம்பெனி பார்த்துக்கொள்ளும். மெயின்டெனன்ஸ் பாக்கி என்ற பேச்சே இல்லாத குடியிருப்பு! ஆனால் வேலை போனால் வீடும் போகும். 1947-க்குப் பிறகுதான் வீடுகள் தொழிலாளர்களுக்கே விற்கப்பட்டன.

குடும்பத்தில் துக்கங்களும் வந்தன. சார்லஸின் மகன் 1912-ல் டைட்டானிக் கப்பலோடு போனார். ஃபெர்டினாண்ட் 1917-லும் சார்லஸ் 1918-லும் காலமானார்கள். தலைவராக இருந்த அடுத்த தலைமுறைக்காரரும் 1921-ல் இறந்தபோது, வேறு ஆள் இல்லாமல் வாஷிங்டன் ரோப்ளிங்கையே அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 84. புரூக்ளினில் முடங்கிப்போன மனிதர், தினமும் டிராம் ஏறி ஆபீசுக்குப் போனார். 1926-ல் 89 வயதில் இறக்கும் வரை தலைவர் அவர்தான். ஓய்வு பெற்றுவிட்டோம் என்று சோர்ந்திருக்கும் நம் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனியின் உச்சம் அதற்குப் பிறகுதான். நியூயார்க்கில் 1931-ல் திறந்த ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், 3,500 அடி. ஒரு வடத்தில் 26,474 கம்பிகள். சான்பிரான்சிஸ்கோவில் 1937-ல் திறந்த கோல்டன் கேட் பாலம், 4,200 அடி. அதன் இரண்டு வடங்களிலும் உள்ள கம்பியை நீட்டிப் பிடித்தால் 80,000 மைல், பூமியை மூன்று சுற்று சுற்றும். புல்வெளியில் விவசாயிகள் திரித்த கயிற்றிலிருந்து நூறு வருடத்துக்குள் இவ்வளவு தூரம்.

எல்லாமே வெற்றி என்று எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். 1903-ல் நியூயார்க்கில் திறந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் வடங்களை அமைத்தது இதே கம்பெனிதான். அந்தப் பாலத்தின் பொறியாளர்கள் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டாம், எண்ணெய் தடவித் துணி சுற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். சில வருடங்களிலேயே துரு தலைகாட்டியது. 1988-ல் போக்குவரத்தை நிறுத்திப் பாலத்தைச் சோதிக்க வேண்டி வந்தது. நல்ல கம்பெனி, நல்ல கம்பி, அளவான விலை, எல்லாம் இருந்தும் ஒரு பூச்சைக் குறைத்ததற்கு ஊர் எண்பது வருடம் கழித்து விலை கொடுத்தது.

கம்பெனியின் முடிவு சத்தமில்லாமல் வந்தது. எந்திரங்கள் பழசாயின, போட்டி கூடியது. 1953 தொடக்கத்தில் குடும்பம் கம்பெனியைக் கொலராடோ எரிபொருள் மற்றும் இரும்புக் கம்பெனிக்கு விற்றது. 1974-ல் ரோப்ளிங் ஊரின் ஆலை மூடப்பட்டது. ஆலை நின்ற மண்ணில் கழிவுகள் ஊறிப்போயிருந்ததால் அமெரிக்க அரசு 1983-ல் அதைச் சுத்தம் செய்ய வேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. தொழிலாளர்கள் நுழைந்த பழைய வாயில் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. செங்கல் வீடுகளில் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். கம்பெனி இல்லை, அதன் கம்பியில் பாலங்கள் நிற்கின்றன.

இனி நம் கயிறு

லிஃப்ட் கயிறு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு முதலில் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். நம் லிஃப்ட்டை ஒரே கயிறு தாங்கவில்லை, நான்கு கயிறுகள் தாங்குகின்றன. ஆள் ஏறும் லிஃப்ட்டுக்கு, தேவையைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத வலு வைத்துத்தான் கயிறு போடுகிறார்கள். அதையும் மீறி அறுந்தால், கூண்டு விழாமல் பிடித்துக்கொள்ள பிரேக் உண்டு. எலிஷா ஓடிஸ் 1854-லேயே நியூயார்க் கண்காட்சியில் மேடையில் ஏறி நின்று, தன்னைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொல்லி, விழாமல் நின்று காட்டியிருக்கிறார். ஆக, என் துண்டில் இருந்த அந்த இரண்டு அறுந்த கம்பிகளால் நாம் யாரும் விழுந்திருக்க மாட்டோம். மார்ஜின் நம்மைத் தாங்கியது.

ஆனால் மார்ஜினில் வாழ்வது வேறு, மார்ஜினை நம்பிச் சும்மா இருப்பது வேறு. பழனியில் ரோப் காரை மாதம் ஒரு நாளும் வருடத்தில் பல வாரங்களும் நிறுத்தி வைக்கிறார்களே, பக்தர்கள் சலித்துக்கொண்டாலும் அது எதற்காக என்று இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது.

வரும் பொதுக்குழுவில் ஏ பிளாக், சி பிளாக் லிஃப்ட்டுகளுக்குக் கயிறு மாற்றும் விஷயம் வருகிறது. மூன்று கொட்டேஷன் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். எது மலிவு, எது உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குத் தகுதி எனக்கு இல்லை. ஒரு பழைய கோடவுன் கீப்பராக மூன்று யோசனைகள் மட்டும்.

முதலாவது, கயிறு வந்து இறங்கும் நாளில் குடியிருப்பவர்கள் இருவர் கூட இருக்க வேண்டும். தயாரித்த கம்பெனியின் பரிசோதனைச் சான்றிதழில் உள்ள எண்ணும், கயிற்றுச் சுருளில் கட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். சான்றிதழைப் பார்த்தால் மட்டும் போதாது. புரூக்ளினில் சான்றிதழ் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது, ஏ.எம்.சி. ஆட்கள் வரும்போது அவர்கள் காட்டுவதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், கயிறு முழு நீளமும் ஓடும்படி லிஃப்ட்டை மெதுவாக மேலும் கீழும் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்று புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாவது, கழற்றும் பழைய கயிற்றில் ஒரு சாண் துண்டு சங்க அலுவலகத்தில் தேதியோடு இருக்கட்டும். அடுத்த முறை மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். என்னிடம் உள்ள பி பிளாக் துண்டை நானே கொண்டுவந்து தருகிறேன்.

கயிறு இறங்கும் நாளில் கூட நிற்கும் இருவரில் ஒருவராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை எந்த மூட்டையில் குத்த வேண்டும் என்று நானே சொல்வேன்.